டி.வி.யில் அம்மாவின் நிறம்

7.2.2025, வெள்ளி

இன்றைக்கும் அம்மா மஞ்சளாகத்தான் தெரிந்தாள்.

போன வெள்ளிக்கிழமையே கவனித்தேன். டி.வி. புதுசு, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பொங்கல் கழித்து அருப்புக்கோட்டையில் வாங்கியது, ஐம்பத்தைந்து இஞ்சு. குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிற அம்மாதான் பணம் அனுப்பினாள். "போன்ல என் மூஞ்சி உங்களுக்கு எள்ளு மாதிரி தெரியுது. முறத்தளவுக்காச்சும் தெரியட்டும்" என்றாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. நம்ம ஊர் நேரம் மூன்று மணிக்குக் கூப்பிடுவாள். நான் போனில் எடுத்து டி.வி.க்கு மாற்றிவிடுவேன். முறத்தளவு என்ன, கதவளவு தெரிகிறாள்.

அப்பா கரிமூட்டத்தில் இருந்து வந்து, கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் டி.வி. முன்னால் உட்காருவார். அம்மா பார்க்கிறாளே என்று.

"செவப்பா ஆயிட்டியே" என்றார்.

"ஏசிக்குள்ளயே கெடந்தா செவக்காம என்ன செய்யும். புள்ள ஏன் பேச மாட்டேங்குது?"

"அது என்னைக்குப் பேசுச்சு."

நான் சிரித்தேன். 'அம்மா, நீ ஏன் இப்படி இருக்க' என்று கேட்க வாய் வரை வந்தது. வரவில்லை. எப்போதும் அப்படித்தான். அவள் போனைக் கட் பண்ணின பிறகு எனக்கு நிறைய வார்த்தை வரும்.

9.2.2025

அப்பா மூட்டத்துக்குப் போய்விட்டார். கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, தீ வைத்தால் எட்டுப் பத்து நாள் உள்ளேயே புகையும். எங்கேயாவது மண் விரிந்து காற்று புகுந்தால் கரி எல்லாம் சாம்பல்தான். அதனால் அங்கேயே கிடப்பார். நான் காலையும் சாயங்காலமும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவேன். மற்ற நேரம் வீட்டில் நானும் டி.வி.யும்.

வெள்ளிக்கிழமை பேசும்போது அம்மா முகத்தைப் போனில் படமாகப் பிடித்து வைத்திருந்தேன். அதை டி.வி.யில் போட்டு ரிமோட்டில் கலரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஐந்து விதம் இருக்கிறது. விவிட் வைத்தால் செங்கல். ஸ்டாண்டர்டு வைத்தால் மஞ்சள் தேய்த்துக் குளித்தவள். ஸ்போர்ட்ஸ் வைத்தால் வெளுத்துப்போய், யாரோ பணக்கார வீட்டம்மா. கேம் வைத்தால் சாம்பல். சினிமா வைத்தால் காய்ச்சல்காரி.

ஐந்து அம்மா. எது என் அம்மா?

10.2.2025

ரெண்டு வருசத்துக்கு முன்னால் அம்மா கிளம்பின அன்று எடுத்த படத்தையும் போட்டுப் பார்த்தேன். அதிலும் மஞ்சளடிக்கிறாள். அப்படியென்றால் டி.வி.தான் சரியில்லை. மனசு லேசானது. கால் மணி நேரம்தான். அந்தப் படத்தைவிட இந்தப் படத்தில் மஞ்சள் கூடுதலோ?

போனில் பார்த்தால் தெரியுமே என்றால், போன் கண்ணாடி உடைந்து டவுனில் மாற்றினதில் இருந்து எல்லாமே ஊதா. அப்பாவிடமும் பக்கத்து வீட்டு ஒச்சம்மாச் சித்தியிடமும் இருப்பது பட்டன் போன். ஊரில் வேறு யாரிடமாவது போய், உங்க போனைக் கொஞ்சம் தாங்க, எங்க அம்மா மூஞ்சியைப் பார்க்கணும் என்று — நானா?

12.2.2025

பருத்தி எடுக்கப் போனேன். சித்தியும் நானும் ஒரே நிரை. மடியை ரெண்டாகப் பிரித்துக் கட்டிக்கொள்வோம். வெள்ளைப் பருத்தி ஒரு பக்கம், மஞ்சள் கறை விழுந்தது இன்னொரு பக்கம். கலந்துவிட்டால் வியாபாரி விலையைப் பாதியாக்கிவிடுவார். எனக்கு ஒருநாளும் கலந்ததில்லை. "கழுதைக்கு வாயில்ல, கண்ணு மட்டும் கழுகு" என்பாள் சித்தி.

வெயிலில் நின்று பார்த்தால் எது வெள்ளை என்று எனக்குத் தெரிகிறது. வீட்டுக்குள் போனால் தெரியவில்லை.

15.2.2025

நேற்றும் அம்மா பேசினாள். நேற்றும் அப்படியே. கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். அப்பா டி.வி.யை முறைத்து, "கலரு கூட வச்சிருக்கான், கொறையி" என்றார். குறைத்தேன். அம்மா சாம்பலானாள்.

போனில் தேடிக்கொண்டே இருந்ததில் ஒரு ஆள் அகப்பட்டார். மதுரைக்காரர். பேர் பிரின்ஸ். டி.வி. திரையில் ஒரு சின்னக் கருவியைத் தொங்கவிட்டு, கலரை அளந்து, சரியாக வைத்துக் கொடுக்கிறார். அதுதான் அவர் தொழிலாம். இப்படி ஒரு தொழில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும். அவர் போட்டிருந்த வீடியோவில் இருந்தவை எல்லாம் டாக்டர் வீடு, மில்காரர் வீடு. சுவரளவு டி.வி.

நம்பர் கீழே இருந்தது.

17.2.2025

எழுதி அழித்து எழுதி அழித்து, கடைசியில் இப்படி அனுப்பினேன்: 'அண்ணா எங்கள் டி.வி.யில் முகம் சரியாகத் தெரியவில்லை எவ்வளவு ஆகும்.'

குரலாகவே பதில் போட்டிருந்தார். மூவாயிரத்து ஐந்நூறு. "ஆனா தங்கச்சி, நாடகம், படம் பாக்குறதுக்குன்னா இந்த டி.வி.க்கு இம்புட்டு செலவு தேவையில்ல. யோசிச்சுக்கங்க. எதுக்குக் கேக்குறீங்க?"

'அம்மா வெளிநாட்டில் இருக்கிறார்கள். வீடியோவில் பார்க்கும்போது மஞ்சளாகத் தெரிகிறது. டி.வி.யா அம்மாவா என்று தெரியணும்.' இதை மட்டும் அழிக்காமல் அனுப்பிவிட்டேன். அனுப்பினதும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ரொம்ப நேரம் கழித்து வந்தது. "அங்குட்டு இருக்குற லைட்டும் கேமராவும் என் கையில இல்லம்மா. இங்க வர்றத வந்தபடி காட்டச் சொல்லி டி.வி.யத் திருத்தலாம். அம்புட்டுத்தேன் என்னால முடியும். அடுத்த வாரம் செவ்வாக்கிழமை அருப்புக்கோட்டையில வேலை இருக்கு. வேணும்னா சொல்லுங்க, வாரேன்."

18.2.2025

அப்பாவிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"டி.வி. வாங்கி முழுசா ரெண்டு மாசம் ஆகல. அதுக்குள்ள வைத்தியமா? கடக்காரனைக் கூப்பிடு."

கடைக்காரருக்குப் போன் பண்ணினது அப்பாதான். படம் வருதா, சத்தம் வருதா, பிறகென்ன என்று கேட்டாராம்.

"உன் காசு. நீ பருத்தி எடுத்த காசு. நான் என்னத்தச் சொல்ல" என்றார். சொல்லவில்லை என்றாலும் முகத்தில் இருந்தது.

அந்தக் காசு ஆரி வேலை கிளாசுக்கு வைத்திருந்தது. ரவிக்கைத் துணியில் மணி கோத்துப் பூப்போடுவது. டவுனில் சொல்லித் தருகிறார்கள். ஒரு வருசமாகச் சேர்க்கிறேன். சேர்ந்தபாடில்லை. காசு சேர்ந்தாலும் நான் போய்ச் சேர மாட்டேன். புது ஆட்கள் நடுவில் உட்காரணுமே.

20.2.2025

குடுக்கணுமா?

சரி பண்ணின பிறகு அம்மா நன்றாகத் தெரிந்தால் காசு வீண். நன்றாகத் தெரியாவிட்டால் —

வீணாகத்தான் போகட்டும்.

25.2.2025, செவ்வாய்

வந்துவிட்டுப் போனார். அப்பா மூட்டத்தில் இருந்ததால் சித்தியைத் துணைக்கு உட்கார வைத்திருந்தேன்.

பிரின்ஸ் அண்ணனுக்கு முப்பத்தைந்து இருக்கும். சன்னலை எல்லாம் சாத்தச் சொன்னார். கருவியைத் திரையில் தொங்கவிட்டு, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டார். டி.வி.யில் படம் எதுவும் இல்லை. சாம்பல் கட்டம், வெள்ளைக் கட்டம், சிவப்புக் கட்டம், மாறி மாறி. ரெண்டு மணி நேரம்.

"ஏம்ப்பா, டி.வி.க்கு ஈசிஜி எடுக்குறியா?" என்றாள் சித்தி.

"ஆமா பெரியம்மா. காய்ச்சல் கூட இருக்கு."

"ஊசி போட்டுறாத, கரண்டு அடிச்சுரும்."

அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினார். கடையில் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடை வெளிச்சத்தில் ஆளை இழுக்கணும் என்று வெள்ளையில் நீலத்தை ஏற்றி, முகத்தில் சிவப்பை ஏற்றி வைப்பார்களாம். எல்லா வீட்டிலும் அதையேதான் நல்ல கலர் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

முடித்துவிட்டுப் படத்தைப் போட்டார். எல்லாமே மஞ்சள். செய்தி வாசிக்கிறவர் சட்டை, பின்னால் இருக்கிற சுவர், எல்லாம் பழைய வேட்டி மாதிரி.

"அய்யய்ய, இருந்ததும் போச்சா" என்றாள் சித்தி.

"உங்க கண்ணு ஒரு மாசமா நீலத்துலயே பழகிருச்சு. இதுதான் நெசமான வெள்ளை. பத்து நாள் கை வைக்காமப் பாருங்க. தானா வெள்ளையாத் தெரியும். தெரியலைன்னா கூப்பிடுங்க, காசைத் திருப்பித் தாரேன்" என்றார்.

காசைக் கொடுத்தேன். எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார்.

26.2.2025

சித்தி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பருத்திக் காட்டில் ஒருத்தி, "ஏண்டி, மஞ்சக் காமாலை வந்த டி.வி. உங்க வீட்டுலயாமே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். குனிந்து பருத்தி எடுத்தேன். முதல் தடவையாகக் கறைப் பருத்தியை வெள்ளையில் போட்டுவிட்டேன்.

28.2.2025, வெள்ளி

அம்மாவும் மஞ்சள். அவள் பின்னால் இருக்கிற அடுப்படிச் சுவரும் மஞ்சள். ஒன்றும் தெரியவில்லை.

அப்பா ரிமோட்டை எடுத்தார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அப்பா கையில் இருந்து நான் எதையும் பிடுங்கினதில்லை.

நோன்பு வரப்போகிறது, ராத்திரி பூராம் சமைக்கணும், பேச முடிகிறதோ என்னவோ என்றாள் அம்மா.

3.3.2025

மூன்று மணி நேரம் சும்மா டி.வி. பார்த்தேன். கண் பழகணும் என்று. பசுமாட்டுக்கு மருந்து போடுவது எப்படி, மைசூர்பாகு கிண்டுவது எப்படி, எல்லாம் பார்த்தேன். பேச ஆள் இல்லை. யாராவது இருந்தால் 'இந்தச் சுவர் வெள்ளையா மஞ்சளா' என்று கேட்கலாம்.

5.3.2025

கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது. இல்லை, எனக்குத்தான் அப்படி இருக்கிறதா?

7.3.2025, வெள்ளி

பத்தாவது நாள்.

அப்பா வரவில்லை. மூட்டத்தில் புகை நிறம் மாறுகிற நேரம், விட்டுவிட்டு வர முடியாது. மூன்று மணிக்கு நான் மட்டும்தான் இருந்தேன். காட்டில் இருந்து ஒரு சுளை வெள்ளைப் பருத்தி கொண்டுவந்து வைத்திருந்தேன்.

அம்மா வந்தாள். பின்னால் அடுப்படிச் சுவர். ஓடு ஓடாகப் பதித்த சுவர். வெள்ளை. நல்ல வெள்ளை. திரைக்குப் பக்கத்தில் போய்ச் சுவரின் மேல் பருத்தியை வைத்துப் பார்த்தேன். ரெண்டும் ஒன்று. அவள் தலையில் போட்டிருந்த துணி வெள்ளை. அதுவும் ஒன்று.

கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னத்தா செய்யிற, டி.வி.யத் தொடைக்கிறியா?"

கண் மட்டும் இன்னொரு மடியில் போடுற கறைப் பருத்தி.

கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. "அம்மா, உன் கண்ணு மஞ்சளா இருக்கு."

"டி.வி. சரியில்லைன்னு உங்க அப்பாதேன சொன்னாரு."

"சரி பண்ணியாச்சும்மா. ஆள் வந்து அளந்து சரி பண்ணியாச்சு."

அம்மா கையைக் கொண்டுவந்து கேமராவை மூடினாள். விரல் இடுக்கில் சிவப்பாக வெளிச்சம். பிறகு கையை எடுத்தாள்.

தை மாசத்தில் இருந்து இப்படித்தானாம். உடம்பெல்லாம் நமைச்சல், சோறு இறங்கவில்லை, வலது விலாவுக்குக் கீழே குத்து. வீட்டம்மாவுக்குத் தெரியாமல் சமாளிக்கிறாளாம். ரெண்டு வருச ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு மாசம்தானாம். இடையில் கிளம்பினால் வரவேண்டியது எல்லாம் நின்றுபோகுமாம்.

"அப்பாகிட்ட சொல்லிராத. மூட்டத்தைப் போட்டுட்டு ஓடுவாரு. வந்து பாத்துக்கிறலாம். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"எப்படிம்மா?"

"டி.வி.யில தொடு. நான்தேன இருக்கேன்."

அவள் தலையைக் குனிந்து கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். உச்சியில் முடி கொட்டி இருந்தது. அதைப் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் கையை வைத்தேன்.

8.3.2025

தலையில் அடித்துச் சத்தியம் பண்ணி மீறினால், யார் தலையில் அடித்தோமோ அவர்களுக்கு ஆகாது. எங்க ஊரில் சின்னப் பிள்ளைகூட அதை மீறாது. சொல்லாமல் இருந்தாலும் அம்மாவுக்கு ஆகாது. என்ன பண்ணட்டும்.

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். "நேத்து அம்மா என்ன சொன்னா?" என்றார். "நோன்பாம், வேலை கூடவாம்" என்றேன்.

9.3.2025

சாமிக்குக் கூடச் சொல்ல முடியல. சொன்னா அதும் சொன்னதுதானே.

11.3.2025

டி.வி.யில் என் கை பட்ட இடம் இன்னும் எண்ணெய்த் தடமாக இருக்கிறது. அணைத்திருக்கும்போது தெரிகிறது. கிட்டப் போய் மறுபடி தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. வழவழ என்று, லேசான சூடு. தலை இப்படியா இருக்கும்? அம்மா தலை சொரசொரப்பு. உச்சியில் ஒரு தழும்பு உண்டு, சின்ன வயசில் கிணற்றுப் படியில் விழுந்தது. பேன் பார்க்கும்போது விரலில் தட்டும். அன்றைக்கு ஒன்றும் தட்டவில்லை.

நான் தொட்டது அம்மா தலையை இல்லை.

இது சரியா, இல்லை எனக்கு வசதியாக நானே சொல்லிக்கொள்கிறேனா? தெரியவில்லை. நாளைக்குச் சொல்லப்போகிறேன்.

12.3.2025, புதன்

சொல்லிவிட்டேன்.

அப்பா மூட்டத்தில் விரிசலுக்கு மண் அப்பிக்கொண்டிருந்தார். தூக்குவாளியை வைத்துவிட்டு, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னேன். முதுகு என்றால் எனக்குச் சொல்ல வருகிறது. சத்தியம் பண்ணினதையும் சொன்னேன்.

அப்பா மண் அப்புவதை நிறுத்தவில்லை. அந்த விரிசலை முழுசாக அடைத்துவிட்டுத்தான் திரும்பினார். முகமெல்லாம் கரி.

"டி.வி. இப்பச் சரியாத்தேன் காட்டுதா?"

"சரியா காட்டுதுப்பா."

"உறுதியா?"

"பருத்தியை வச்சுப் பார்த்தேன்."

வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். அம்மாவைக் குவைத்துக்கு அனுப்பி வைத்த ஏஜெண்டு பாய் வீரசோழன் ஊரில் இருக்கிறார். "விரிஞ்ச பக்கமெல்லாம் மண்ணைக் கொழைச்சு அப்பு. கிட்டப் போயி மூச்சு இழுக்காத" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு நடந்தார். சாப்பிடவில்லை.

பொழுது சாயும் வரை நான் மூட்டத்தைப் பார்த்தேன். வடக்குப் பக்கம் ஒரு வாய் பிளந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. நான் அப்பின மண்ணெல்லாம் உள்ளே விழுந்தது. கால்வாசி சாம்பல். அப்பா வந்து பார்த்துவிட்டு, அந்த வாயை மண் வைத்து மூடினார்.

பாய் நோன்பு திறந்த கையோடு அந்த வீட்டுக்குப் பேசினாராம். அந்த வீட்டம்மாவுக்கு ஒன்றுமே தெரியாதாம். "எங்கிட்ட ஏன் மறைச்சா" என்று அந்த அம்மாவும் அழுதுவிட்டாளாம்.

14.3.2025, வெள்ளி

மூன்று மணி. நாலு மணி. கூப்பிடவில்லை.

16.3.2025

பாய் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பித்தப்பையில் இருந்து கல் இறங்கிக் குழாயை அடைத்திருக்கிறதாம். இன்னும் விட்டிருந்தால் சீழ் பிடித்திருக்குமாம். ஊருக்கே அனுப்பிவைக்கிறேன், அங்கேயே கல்லை எடுத்துக்கொள்ளட்டும் என்று வீட்டம்மா சொல்லியிருக்கிறாள். டிக்கெட்டும் அவளே.

21.3.2025, வெள்ளி

கூப்பிட்டாள். படம் இல்லாமல். குரல் மட்டும்.

"உன்னைய நம்பித்தேன சொன்னேன்."

"ம்."

"என் தலையில அடிச்சுட்டு."

வழவழ என்று இருந்ததம்மா என்று சொல்லவா? அப்பாவிடம் கொடு என்றாள். கொடுத்தேன். அவர் வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கறுப்பாகக் கிடந்தது டி.வி. அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

27.3.2025

திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டி.வி.யில் இருந்ததைவிட ரொம்பக் குட்டையாக, ஒல்லியாக. சேலை தோளில் நிற்கவில்லை.

நான் கண்ணைத்தான் பார்த்தேன். அதே மஞ்சள். கொஞ்சங்கூட மாற்றமில்லை. அந்த அண்ணன் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

அப்பாவிடம் பேசினாள். என்னிடம் பேசவில்லை. ஆனால் காரில் ஏறினதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மதுரை வரும் வரை நான் அசையவில்லை.

3.4.2025

பெரியாஸ்பத்திரி. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்துவிட்டார்கள். மொச்சைக்கொட்டை அளவு. பித்தப்பையைப் பிறகு எடுக்கணுமாம்.

வார்டில் தலைவாரிவிட்டேன். தழும்பு விரலில் தட்டியது. நான் நிறுத்தினதை அம்மா கவனித்துவிட்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"பேசினாத்தேன் என்ன. அன்னைக்கு அம்புட்டுப் பேசியிருக்க அப்பாகிட்ட" என்றாள். கோபமா, என்ன என்று தெரியவில்லை. பிறகு, "சடையை இறுக்கிப் பின்னு" என்றாள்.

9.4.2025

வீடு. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. சித்தி எல்லாரிடமும் டி.வி. கதையைச் சொல்கிறாள். இப்போது அவள்தான் பிரின்ஸ் அண்ணனைக் கூட்டிவந்த மாதிரி. அவருக்கு ஒரு செய்தி போட்டேன்: 'அம்மாதான் அண்ணா. டி.வி. இல்லை. இப்போது நன்றாக இருக்கிறார்கள்.' அவர் கும்பிடுகிற கையை மட்டும் அனுப்பினார்.

18.4.2025, வெள்ளி

அம்மா இன்றைக்குத்தான் எழுந்து வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"என்னடி இது, மங்கிக் கெடக்கு?"

"இதான் சரியான கலர்மா."

"இதுக்கா மூவாயிரத்தைக் குடுத்த? அந்த வீட்டு டி.வி. கண்ணைப் பறிக்கும். நான் நம்ம வீட்லயும் அப்படித்தேன் இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். கலரா வையி."

அப்பா என்னைப் பார்த்தார். இருக்கிற அளவெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று டி.வி. கேட்டது. சரி என்று அமுக்கினேன். புல் எல்லாம் பச்சையாக எரிந்தது. ஆட்கள் எல்லாம் செங்கல்.

"இப்பத்தேன் டி.வி. மாதிரி இருக்கு" என்று காலை நீட்டிக்கொண்டாள். சன்னல் வெயில் அவள் முகத்தில் விழுந்தது. நான் அவள் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

"என் மூஞ்சில என்னத்தப் பாக்குற. அங்குட்டுப் பாரு" என்றாள்.